மாறியின் மதிப்பை எழுதிப் பார்க்கும் வழக்கம்

நிரல் ஓடும்போது மாறிகளில், அதாவது மதிப்புகளைத் தாங்கி நிற்கும் பெயரிட்ட நினைவிடங்களில், அந்தக் கணத்தில் இருப்பது என்ன என்பதை வெளியே எழுதவைத்துப் பிழை தேடுவது கணினித் தொழிலின் மிகப் பழைய வழக்கங்களுள் ஒன்று. கேம்பிரிட்ஜில் 1949 மே மாதம் இயங்கத் தொடங்கிய எட்சாக் கணினிக்கென, நிரல் நின்றபின் நினைவகத்தில் கிடப்பதை அச்சிடும் சிறு நிரல்களும், நிறைவேறும் கட்டளைகளை ஒவ்வொன்றாக அச்சிட்டுக்கொண்டே செல்லும் சரிபார்ப்பு நிரல்களும் எழுதப்பட்டன. ஸ்டான்லி கில் 1951இல் வெளியிட்ட கட்டுரை இவற்றை விரிவாக விளக்குகிறது.

தமிழ்நாட்டில் இவ்வழக்கம் துளையட்டைகளின் வழியே வேரூன்றியது. சென்னை ஐ.ஐ.டி.யில் 1973இல் நிறுவப்பட்ட ஐ.பி.எம். 370 கணினிக்கு, வரிக்கு ஓர் அட்டையாக ஃபோர்ட்ரான் நிரலைத் துளையிட்டு, கட்டாக ஒப்படைத்து, அச்சுத்தாள் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்ததால், எந்த மாறியை எந்த இடத்தில் அச்சிடுவது என்பதை முன்கூட்டியே சிந்தித்து அதற்கான அட்டையைச் செருகுவதே திறமையாயிற்று. ஓர் அட்டை விடுபட்டால் ஒரு முறை முழுவதும் வீணாகும் என்ற அந்தக் கட்டாயம், பிழை எங்கே இருக்கக்கூடும் என்று முதலில் ஊகித்துப் பிறகு சோதிக்கும் ஒழுங்கை நிரலாளரிடம் வளர்த்தது. காத்திருப்பு மறைந்த பின்னும் அவ்வொழுங்கின் தேவை மறையவில்லை.

இணையம் வந்தபோது சிக்கல் வேறு உருவெடுத்தது. 1995இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் வெளியிட்ட பி.எச்.பி. போன்ற மொழிகளில் எழுதிய நிரல் தொலைவிலுள்ள வழங்கியில் ஓடியதால், மாறியின் மதிப்பை அச்சிட்டால் அது பயனர் காணும் பக்கத்துக்குள்ளேயே போய் விழுந்தது. அதைத் தவிர்க்கவே, நேரமுத்திரையுடன் வரிவரியாகச் சேரும் பதிவுக் கோப்பு, பேச்சுவழக்கில் லாக், வலை நிரலாளரின் அன்றாடக் கருவியாயிற்று. அதே ஆண்டில் நெட்ஸ்கேப் அறிமுகப்படுத்திய ஜாவாஸ்கிரிப்ட் உலாவிக்குள் ஓடியபோதோ, மதிப்பைக் காண எளிய வழி எச்சரிக்கைப் பெட்டியாக இருந்தது. அது மூடப்படும்வரை நிரலையே நிறுத்திவைத்ததால், சுழற்சிக்குள் வைத்தவர் நூறு முறை சொடுக்க நேர்ந்தது. 2006இல் ஜோ ஹெவிட் வெளியிட்ட ஃபயர்பக், நிரலை நிறுத்தாமலே மதிப்புகளை ஒரு பலகத்தில் எழுதும் கன்சோலைப் பரவலாக்கியது. எனினும் 2009இல் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 8இல், உருவாக்குநர் கருவிகள் திறக்கப்படாதவரை கன்சோல் என்ற பொருளே இல்லாததால், நீக்க மறந்த ஒரு பதிவு வரியே பக்கத்தை முடக்கியது. பிழை தேட வைத்த வரி புதிய பிழையாயிற்று.

எழுதப்பட்டதை அப்படியே நம்புவதும் ஆபத்து. பல மதிப்புகளைக் கொண்ட ஒரு பொருளைக் கன்சோலில் எழுதிவிட்டுச் சற்றுக் கழித்து விரித்துப் பார்த்தால், எழுதிய கணத்தின் நிலைக்குப் பதிலாக விரிக்கும் கணத்தின் நிலையையே உலாவி காட்டக்கூடும். ஆகவே அப்பொருளை முதலில் எழுத்துச்சரமாக்கிப் பதிவதே பாதுகாப்பானது.

தமிழ்ச் சொற்களைக் கையாளும் நிரலில் கண்ணும் ஏமாறுகிறது. திண்டுக்கல் மாவட்ட ஊராட்சி ஒன்றியங்களுள் ஒன்றான தொப்பம்பட்டியின் பெயர் ஏழெழுத்து; ஆனால் யூனிகோடு முறையில் மெய்க்கும் புள்ளிக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனிக் குறியீடுகள் உள்ளதால், அதன் நீளத்தைப் பதிந்தால் ஜாவாஸ்கிரிப்ட் 12 என்கிறது; பைட்டுகளை எண்ணும் பி.எச்.பி.யின் பழைய கட்டளை 36 என்கிறது. இதைவிடத் தொல்லை தருவது முதலெழுத்து. அதன் ஒகரக்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கொம்பையும் காலையும் தனித்தனியே சேமித்த பழைய எழுத்துருக் குறிமுறைகளிலிருந்து பெயர்களை மாற்றும்போது இரண்டாம் வடிவம் எளிதில் நுழைந்துவிடுகிறது. அப்போது பயனர் தேடும் ஊர்ப்பெயரும் தரவுத்தளத்தில் உள்ள பெயரும் பதிவில் அட்சரம் பிசகாமல் ஒன்றாகத் தெரிந்தும், இரண்டும் வேறு என்றே நிரல் முடிவு செய்கிறது. நீளத்தையும் சேர்த்துப் பதிந்தவருக்கு மட்டுமே 12, 13 என்ற வேறுபாடு புலப்படும். இத்தகைய வடிவங்களை ஒருமைப்படுத்தும் செயற்கூறு 2015ஆம் ஆண்டுத் தரநிலையுடன் ஜாவாஸ்கிரிப்டில் இடம்பெற்றது. அதைப் பெயர் உள்ளே வரும் இடத்திலேயே இயக்கினால் இரு வடிவங்களும் 12 குறியீடுகளாகச் சேமிக்கப்படுகின்றன.