வளர்ப்பு முயல் கூடு

வளர்ப்பு முயல் கூடு என்பது வீடுகளில் செல்லப் பிராணியாக வளர்க்கப்படும் முயல்கள் தங்குவதற்கும், உண்பதற்கும், நடமாடுவதற்கும் அமைக்கப்படும் இருப்பிடம் ஆகும். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலுள்ள திருக்கோவிலூர் போன்ற வெப்பமான சமவெளி ஊர்களில் குளிர்ச்சியே இக்கூட்டின் முதன்மைத் தேவை ஆகும்.

வளையும் கூடும்

வளர்ப்பு முயல் இனங்கள் அனைத்தும் ஐரோப்பிய முயலின் (ஓரிக்டோலாகசு குனிகுலசு) வழிவந்தவை. ஐரோப்பிய முயல்கள் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்பவை. வளைக்குள் வெப்பநிலை பெரிதும் மாறுவதில்லை. அங்கு இருளும் மறைவும் உண்டு. பகை விலங்கு நுழைந்தால் வேறு வாயில் வழியாகத் தப்பலாம். கூட்டில் வாழும் முயலுக்குக் குளிர்ச்சி, மறைவு, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் வளர்ப்பவரே அமைத்துத் தர வேண்டியுள்ளது.

கல்வராயன் மலைப்பகுதியில் காணப்படும் காட்டு முயல் (லெபசு நிக்ரிகோலிசு) வேறு பேரினத்தைச் சேர்ந்தது. இது வளை தோண்டாமல் புதர் மறைவில் தங்கும். இதன் குட்டிகள் உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கின்றன. வளர்ப்பு முயலின் குட்டிகளோ உரோமமின்றி, மூடிய கண்களுடன் பிறக்கின்றன. காட்டு முயலைப் பிடித்து வளர்ப்பது 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும்.

குளிர்ச்சி

முயலால் வியர்வை மூலம் உடலைக் குளிர்விக்க இயலாது. காதுகளிலுள்ள இரத்தக் குழாய்கள் வழியாகவும் மூச்சின் வழியாகவுமே அது வெப்பத்தை வெளியேற்றுகிறது. அதற்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 15 முதல் 25 பாகை செல்சியசு வரை ஆகும். 30 பாகையைக் கடந்தால் முயல் சோர்வடையும். 35 பாகையைக் கடந்தால் வெப்பத் தாக்கத்தால் இறக்கவும் கூடும். தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த திருக்கோவிலூரில் கோடைப் பகல்கள் பலவற்றில் இவ்வளவு வெப்பம் காணப்படுகிறது.

தமிழ்நாட்டில் முயல் ஆராய்ச்சி நடைபெறும் உதகமண்டலம் அருகிலுள்ள சாண்டிநல்லாவும், கொடைக்கானல் அருகிலுள்ள மன்னவனூரும் குளிர்ந்த மலைப்பகுதிகள் ஆகும். அடர்ந்த உரோமமுடைய அங்கோரா இனம் அத்தகைய இடங்களுக்கே ஏற்றது.

சமவெளியில் பின்வரும் முறைகள் பயன் தரும்:

- கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருத்தல் வேண்டும். வேம்பு, புங்கன் போன்ற மரங்களின் நிழல் சிறந்தது.
- தென்னங்கீற்று, பனையோலைக் கூரைகள் வெப்பத்தைக் குறைக்கும். தகரக் கூரை ஏற்றதன்று.
- நிழலில் இடப்பட்ட கருங்கல் பலகை, முயல் படுத்துக் குளிர உதவும்.
- கூட்டின் பக்கங்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிடலாம். காற்றோட்டம் தடைபடக் கூடாது.

வாயால் மூச்சு விடுதல், எச்சில் வடிதல், காதுகள் மிகச் சூடாக இருத்தல் ஆகியன வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அப்போது முயலை நிழலுக்கு மாற்றி, காதுகளைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து, உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி நீரில் முக்குதல் கூடாது.

இடமும் மறைவும்

பிரித்தானியாவிலுள்ள முயல் நல அமைப்பு ஒன்று, இரண்டு முயல்களுக்குக் குறைந்தது 3 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் 1 மீட்டர் உயரமும் கொண்ட இடத்தைப் பரிந்துரைக்கிறது. இறைச்சிப் பண்ணைகளின் சிறு கூண்டுகள் செல்லப் பிராணிக்கு ஏற்றவை அல்ல. கம்பித் தளத்தில் தொடர்ந்து நிற்கும் முயலுக்கு உள்ளங்காலில் புண் ஏற்படும். எனவே தளத்தின் பெரும்பகுதியில் பலகை இட்டு, அதன்மேல் உலர்ந்த வைக்கோலைப் பரப்புதல் வேண்டும்.

ஒளிந்துகொள்ள இரு வாயில்கள் உள்ள மரப்பெட்டி வைக்கலாம். பக்கவாட்டில் படுக்க வைத்த பெரிய மண்பானையும் இதற்கு உதவும். அதன் வெளிப்புறத்தை நனைத்தால் உட்புறம் குளிரும்.

முயல் துணையை விரும்பும் விலங்கு. ஆணும் பெண்ணும் சேர்ந்திருந்தால் கருத்தடை அறுவை தேவை. இல்லையெனில் ஏறத்தாழ 31 நாட்களுக்கு ஒருமுறை குட்டிகள் பிறக்கக்கூடும்.

பாதுகாப்பு

நாய், பூனை, கீரி, பாம்பு, பெருச்சாளி ஆகியன முயலின் பகை விலங்குகள். மெல்லிய கோழி வலையை நாய் கிழித்துவிடும். ஆகவே சிறு கண்களுடைய, பற்றவைத்த கம்பி வலையே பயன்படுத்தப்பட வேண்டும். கூட்டைக் கால்களின் மேல் உயர்த்தி, ஒவ்வொரு காலையும் நீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்புகள் ஏறா. இரவில் தாழ்ப்பாள் இடுதல் இன்றியமையாதது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஈரப் படுக்கை ஈக்களையும் நோய்களையும் பெருக்கும். அப்போது அதை நாள்தோறும் மாற்றுதல் நலம்.

உணவிடம்

முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. எனவே உலர்புல் எப்போதும் கிடைக்குமாறு தளத்திற்கு மேலே ஒரு தொட்டியில் வைக்கப்படுகிறது. முயல் மசால், வேலி மசால், அகத்தி ஆகியவற்றைச் சிறிதளவு தரலாம். பூஞ்சணம் பிடித்த கடலைக்கொடி தீங்கானது. அரளி, எருக்கு, ஊமத்தை ஆகியன நச்சுச் செடிகள். இவை கூட்டின் அருகில் இருத்தல் ஆகாது. கோடையில் கனமான மண்சட்டியில் நீர் வைத்தால், அது கவிழாமலும் குளிர்ச்சியாகவும் இருக்கும்.