கறுத்த கத்தாளையும் பெர்லின் ஓவியர்களும்

கடலூர் முதுநகர் பக்கம் (ஓ.டி. என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டருக்குப் புரியும்) கத்தாளை மீன் தெரியாதவர் இருக்க முடியாது. கத்தாளைகளில் ஒரு பேரினத்துக்கு அறிவியல் பெயர் 'ஜானியஸ்'. யார் இந்த ஜான் என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

சிதம்பரத்திலிருந்து கொள்ளிடம் தாண்டி, சீர்காழி வழியாகத் தெற்கே போனால் தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர்கள் வசம் இருந்த ஊர். 1771-இல் அங்கே வந்த பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜான். ஊழியமும் பள்ளிக்கூடமும் போக, மீதி நேரத்தில் சிப்பியும் மீனும் சேர்த்தார். மீன்களைப் பதப்படுத்தி பெர்லினில் இருந்த மார்க்கஸ் எலியேசர் பிளாக் என்ற மருத்துவருக்குக் கப்பலில் அனுப்பினார். பிளாக், ஓவியர்களையும் செதுக்குக் கலைஞர்களையும் வைத்துக்கொண்டு 1782 முதல் 1795 வரை 12 தொகுதிகளில் 432 வண்ணப்படத் தகடுகள் வெளியிட்டவர். 1793-இல் நண்பர் பெயரை அந்தப் பேரினத்துக்கு வைத்தார். அதில் ஒரு மீன் 'ஜானியஸ் கருட்டா'. நம்ம ஊர் 'கறுத்த கத்தாளை'தான் லத்தீன் வேஷம் போட்டுக்கொண்டு நிற்கிறது! அந்தப் பெயரைக் கரையில் நின்று சொன்னவர் யாரோ, அவர் பெயர் எங்கும் இல்லை.

இதில் ஒரு சிக்கல். சாராயத்தில் ஊறினால் மீனின் நிறம் போய்விடும். பரங்கிப்பேட்டையில் 1961-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய கடல் உயிரியல் நிலையத்தைப் போன்ற எந்த இடத்திலும் கண்ணாடிக் குடுவை மீன்களைப் பாருங்கள், வெளிறித்தான் இருக்கும். பெர்லின் ஓவியர் இந்தக் கத்தாளையை உயிரோடு பார்த்ததே கிடையாது. அதனால் பிளாக்கின் வெளிநாட்டு மீன் படங்கள் சிலவற்றில் நிறம் கொஞ்சம் கற்பனைதான்.

இதற்கு நேர்மாறான ஆள் பாட்ரிக் ரஸ்ஸல். விசாகப்பட்டினத்தில் மீன் வந்திறங்கும் கரைக்குப் பக்கத்திலேயே உள்ளூர் ஓவியரை வைத்து வரைய வைத்தார். 1803-இல் வந்த அவருடைய நூலில் 200 மீன்கள், தெலுங்குப் பெயர்களோடு. என்னைக் கேட்டால் இதுதான் சரியான கூட்டு வேலை. மீன் கெடுவதற்குள் தூரிகை ஓட வேண்டும், ஆராய்ச்சியாளர் பக்கத்திலேயே செதிலையும் முள்ளையும் எண்ணிச் சொல்ல வேண்டும். அட, தெலுங்குப் பெயரெல்லாம் அச்சேறிய புத்தகத்தில் ஓவியர் பெயருக்கு ஒரு வரி இடம் கிடைக்கவில்லையா?

ஓவியர்களுக்குப் பெயர் கிடைக்க இன்னும் கிட்டத்தட்ட நூறு வருஷம் ஆனது. 'இன்வெஸ்டிகேட்டர்' என்ற சர்வே கப்பல் வங்காள விரிகுடாவின் ஆழத்திலிருந்து அள்ளி வந்த உயிரினங்களின் படத் தகடுகள் 1892 முதல் கல்கத்தாவிலிருந்து வெளிவந்தன. அவற்றின் அடியில் பொடி எழுத்தில் ஏ.சி. சௌத்ரி, எஸ்.சி. மண்டல் என்று இரண்டு வங்காள ஓவியர்களின் பெயர்களைப் பார்க்கலாம்.