விஸ்பியின் இரும்புச் சட்டைகள்

போர்க்கவசம் என்றவுடன் நம் மனக்கண் முன் வருவது, தலை முதல் கால்வரை பளபளக்கும் இரும்பு அணிந்து குதிரைமீது அமர்ந்திருக்கும் ஐரோப்பிய வீரனின் உருவமே. அருங்காட்சியகங்களில் கண்ணாடிப் பேழைக்குள் நிற்பவையும் பெரும்பாலும் அத்தகைய கவசங்களே. மிலான், ஆக்ஸ்பர்க் போன்ற நகரங்களின் பெரும் பட்டறைகளில், அரசர்க்கும் பிரபுக்களுக்கும் உடலளவு எடுத்துச் செய்யப்பட்டவை அவை. அவற்றின் விலைமதிப்பே அவற்றைக் காப்பாற்றியது. எளிய மனிதன் அணிந்த கவசத்திற்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. தேயும்வரை அது பயன்பட்டது. தேய்ந்தபின் உலையில் காய்ச்சப்பட்டு வேறு கருவியாக மாறியது.

இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓய்வு நேரத்தில், பொருளீட்டும் நோக்கமின்றி, இடைக்காலக் கவசங்களைத் தம் கையால் செய்து மகிழ்வோர் பலர் உள்ளனர். ஆசிரியர், கணக்கர், தச்சர் எனப் பல தொழிலினர் தம் வீட்டுக் கொட்டகையில் ஒரு பட்டடைக்கல்லும் சில சுத்தியல்களும் வைத்துக்கொண்டு இப்பணியில் ஈடுபடுகின்றனர். அவர்களுள் கணிசமானோர் முதன்முதலில் செய்துபார்ப்பது அரசனின் கவசத்தை அன்று. பால்டிக் கடல் தீவு ஒன்றில் மடிந்த உழவர்களின் இரும்புச் சட்டையை. அச்சட்டை எவ்வாறு இவர்கள் கைக்கு வந்தது என்பது நாம் அறியத்தக்க வரலாறு.

இன்றைய சுவீடனுக்குச் சொந்தமான கோட்லாந்து என்பதே அத்தீவு. அதன் துறைமுக நகரமான விஸ்பி, ஹான்சா வணிகர் கூட்டமைப்பில் சேர்ந்து செல்வம் கொழித்த ஊர். நகரத்தாருக்கும் தீவின் உழவர்களுக்கும் உறவு சுமுகமாக இருக்கவில்லை. 1288ஆம் ஆண்டில் இரு தரப்பினரும் போரிட்டே தீர்த்துக்கொண்டனர். நகரைச் சூழ்ந்து நின்ற உயர்ந்த மதில், அயல்நாட்டுப் பகைவரை மட்டுமன்றித் தீவின் உழவரையும் வெளியே நிறுத்தியது.

1361ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் டென்மார்க் மன்னர் நான்காம் வால்டமார் பெரும்படையுடன் தீவில் இறங்கினார். அவருடைய படையில் பயிற்சி பெற்ற போர்வீரர் பலர் இருந்தனர். அவர்களை எதிர்த்து நின்றவர்களோ உழவர்கள். ஜூலை 27ஆம் நாள் விஸ்பியின் மதிலுக்கு வெளியே இறுதிப் போர் நிகழ்ந்தது. நகரக் கதவுகள் திறக்கப்படவில்லை. மதிலின் நிழலிலேயே உழவர்கள் வெட்டுண்டு வீழ்ந்தனர். மாண்டவர் ஏறத்தாழ 1,800 பேர் என மதிப்பிடுகின்றனர். இரு நாள்கள் கழித்து விஸ்பி நகரம் போரிடாமல் மன்னருக்குப் பணிந்தது.

மாண்டோர் மதிலுக்கு அருகே பெருங்குழிகளில் புதைக்கப்பட்டனர். 1905ஆம் ஆண்டில் தொடங்கி 1930வரை பல கட்டங்களாக அக்குழிகள் அகழப்பட்டன. ஏறத்தாழ 1,200 பேரின் எலும்புகள் வெளிப்பட்டன. அவர்களுள் முதியவர்களும், இன்னும் வளர்ந்து முடியாத சிறுவர்களும், உடற்குறை உடையவர்களும் இருந்தனர். முழங்காலுக்குக் கீழே வெட்டுக்காயம் பட்ட எலும்புகள் மிகுதியாகக் காணப்பட்டன; கால்களுக்குக் காப்பில்லை என்பதை எதிரி அறிந்தே வெட்டியிருக்கிறான்.

ஆய்வாளர்களை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. பலர் கவசத்தோடேயே புதைக்கப்பட்டிருந்தனர். போர்க்களத்தில் இறந்தவரின் இரும்பை எவரும் விட்டுவைப்பதில்லை. வென்றவர் கழற்றிக்கொள்வதே வழக்கம். கோடைவெயிலில் உடல்கள் விரைந்து சிதையத் தொடங்கியமையால் அவற்றைக் கழற்ற இயலாமற்போயிற்று என்பது பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். இரும்பு வளையத் தலையுறைக்குள் மண்டையோடு அப்படியே இருந்தது. உடற்கவசங்கள் 25 இனங்காணப்பட்டன. இவற்றையெல்லாம் தகடு தகடாக அளந்து, தறையாணி ஒவ்வொன்றின் இடத்தையும் குறித்து, பெங்க்ட் தோர்டெமன் என்னும் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 1939, 1940ஆம் ஆண்டுகளில் இரு தொகுதிகளாக ஒரு நூலை வெளியிட்டார். கவசம் செய்ய விரும்புவோர்க்கு அந்நூல் கையேடாக அமைந்தது.

அக்கவசத்தின் அமைப்பு எளிது. கையில்லாத சட்டை ஒன்றைத் தோலிலோ தடித்த துணியிலோ தைத்து, அதன் உட்புறத்தில் இரும்புத் தகடுகளை வரிசையாகப் பொருத்துகிறார்கள். தகடுகளை இணைப்பவை தறையாணிகள். நம் ஊர்ப் பட்டறைகளில் ரிவிட் என்று வழங்குபவை. வெளியிலிருந்து நோக்கினால் ஆணித்தலைகள் மட்டுமே தெரியும். ஒரு கவசத்தில் பெரிய தகடுகள் சிலவே இருக்கும். மற்றொன்றில் சிறு தகடுகள் நூற்றுக்கணக்கில் அடுக்கப்பட்டிருக்கும்.

இதைச் செய்ய முனைவோர் முதலில் அட்டையில் வடிவங்களை வெட்டி உடலோடு ஒட்டிவைத்துப் பார்க்கிறார்கள். பின்னர் ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புத் தகட்டில் அவ்வடிவங்களைக் கீறி, தகட்டுக் கத்தரியால் வெட்டி, ஓரங்களை அரத்தால் ராவுகிறார்கள். அடிமரக் கட்டையின் தலையில் குழி தோண்டி, அதில் தகட்டை வைத்து உருண்டைமுனைச் சுத்தியலால் அடித்தால் மார்பின் வளைவு மெல்ல உருவாகிறது. அடிக்க அடிக்க இரும்பு இறுகும். அப்போது அதைச் செந்நிறமாகக் காய்ச்சி மெதுவாக ஆறவிட்டால் மீண்டும் இளகிக்கொடுக்கும். இவ்வளவும் செய்ய ஒருவருக்குப் பல வாரங்களின் மாலைப்பொழுதுகள் தேவைப்படும். வளையக்கவசம் செய்வதோ இன்னும் பொறுமையைக் கேட்பது. கம்பியைக் கோலில் சுற்றி வெட்டிய வளையங்களை, ஒவ்வொன்றும் நான்கைத் தழுவுமாறு கோத்துச் செல்ல வேண்டும். ஒரு சட்டைக்கு இருபதாயிரத்துக்கு மேல் வளையங்கள் செல்வதுண்டு.

இத்தொழிலின் குருசீட மரபு அறுந்து நெடுங்காலம் ஆயிற்று. துப்பாக்கியின் ஆற்றல் வளர வளரக் கவசம் பயனற்றதாயிற்று. இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி கிரீனிச்சில் நிறுவிய அரச பட்டறையும் பதினேழாம் நூற்றாண்டில் மறைந்தது. கம்மியர்கள் தம் தொழில்நுட்பத்தை ஏட்டில் எழுதிவைத்தது அரிது. மகனின் கையிலும் மாணவனின் கையிலும் எழுதிவைத்தார்கள். அக்கைகள் ஓய்ந்தபோது அறிவும் ஓய்ந்தது. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 1909இல் டேனியல் டாஷோ என்ற பிரெஞ்சுக் கம்மியரை வரவழைத்துத் தன் கவசங்களைச் செப்பனிட ஏற்பாடு செய்தது. ஆயினும் அத்தகையோர் மிகச் சிலரே. 1966ஆம் ஆண்டு மே முதல் நாள், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் நண்பர்கள் சிலர் ஒரு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் இடைக்காலப் பாணியில் விளையாட்டுப் போட்டி நடத்தினர். அதிலிருந்து வளர்ந்த சங்கத்திலும், அதைப் போன்ற பிற குழுக்களிலும் சேர்ந்தோர் தமக்குத் தேவையான கவசங்களைத் தாமே செய்யத் தலைப்பட்டனர். பழைய துண்டுகளைப் பார்த்தும், செய்து கெடுத்தும், மீண்டும் செய்தும் அறுந்த இழையை ஓரளவு முடிச்சிட்டனர்.

அதனால் வரலாறும் தெளிவுபெற்றது. முழுக்கவசம் அணிந்த வீரனைக் குதிரைமீது ஏற்றக் கப்பி தேவைப்பட்டது என்ற கதை நெடுநாள் உலவியது. முழுக்கவசத்தின் எடை பொதுவாக 20 முதல் 25 கிலோ. அளவோடு செய்யப்பட்டால் அந்த எடை உடலெங்கும் பகிரப்படுகிறது. அணிந்தவர் ஓடலாம், வீழ்ந்தால் எழலாம். அணிந்து பார்த்தவர்கள் இதைத் தம் உடலாலேயே மெய்ப்பித்தனர். விஸ்பிக் கவசம் செய்தோர் வேறோர் உண்மையையும் உணர்ந்தனர். அவற்றுள் சில, முதுகுப்புறம் பூட்டும் அமைப்புடையவை. அணிபவர் தாமே அவற்றைப் பூட்டிக்கொள்வது கடினம். அப்படியானால் அந்த ஜூலைக் காலையில் ஒவ்வோர் உழவனின் முதுகிலும் யாரோ ஒருவர் வாரை இழுத்துப் பூட்டியிருக்க வேண்டும். தந்தையோ தனயனோ அண்டைவீட்டாரோ, நாம் அறியோம். நூலைப் படித்தவருக்குக் கண்ணில் படாத இச்செய்தி, தோலையும் இரும்பையும் கையில் எடுத்தவருக்குத் தானே புலப்படுகிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கொலைக்களத்தில் மடிந்தவரின் சட்டையை விளையாட்டுக்காகச் செய்வது தகுமா? 1984 முதல் விஸ்பியிலேயே ஆண்டுதோறும் கோடையில் இடைக்கால விழா நடைபெறுகிறது. அன்று உழவர்கள் வீழ்ந்த ஊரில் இன்று இசையும் சந்தையும் விளையாட்டுப் போரும் நிகழ்கின்றன. இதனை இறந்தோர்க்கு இழுக்கு என்று கூறுவார் கூறலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. கேளிக்கை மட்டுமே நோக்கமாயின் கடையில் வாங்கிய உடையே போதும். மாதக்கணக்கில் தகடு தகடாக அடித்து, பெயர் தெரியாத ஓர் உழவனின் மார்பளவைத் தன் மார்போடு ஒப்பிட்டுப் பார்ப்பவர், அவனை ஒரு எண்ணிக்கையாக எண்ண முடியாது. அவ்வுழவனின் கவசம் எங்கே முடிந்தது, கால்கள் எவ்வாறு வெறுமையாக நின்றன என்பதை அவர் கைகள் அறிந்திருக்கின்றன. ஆனால் அந்த அறிவு சுத்தியலோடு நின்றுவிடாமல் நினைவாக வளர வேண்டும். கவசத்தின் அழகை மட்டும் கற்று, அணிந்தவனை மறப்பவர் பாதியையே கற்றவராவார்.

விஸ்பியின் மதிலுக்கு வெளியே, குழிகள் இருந்த இடத்தில், பழங்கற்சிலுவை ஒன்று இன்றும் நிற்கிறது. அதில் இலத்தீன் மொழியில் பொறித்துள்ள செய்தி மிகச் சுருக்கமானது. 1361இல், புனித யாகப்பர் திருநாளுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை, விஸ்பியின் வாயில்களுக்கு முன்னே தேனியர் கையால் வீழ்ந்த கோட்லாந்தினர் இங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளனர் என்று அது அறிவிக்கிறது. வென்றவரைப் போற்றவும் இல்லை. கதவடைத்தவரைச் சபிக்கவும் இல்லை. அவர்களுக்காக மன்றாடுமாறு கேட்டு அவ்வெழுத்து முடிகிறது.