கொழுந்தும் நொதியமும் கரைப்பானும்: ஒரு வரலாற்று நோக்கு

மலையக வரலாற்றை எழுதப் புகுந்தோர் தோட்டங்களின் தோற்றம் பற்றியும் தொழிலாளர் வருகை பற்றியும் விரிவாக ஆராய்ந்துள்ளனர். ஆயின், அத்தொழிலாளரின் கைப்பட்ட கொழுந்தினுள் நிகழும் இரசாயன மாற்றம் ஆய்வுப்பொருளான வரலாறு தமிழில் அரிதாகவே பேசப்பட்டுள்ளது. அதன் ஒரு கூறினை நோர்வூட்டை நிலைக்களனாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையில் எமது நோக்கமாகும்.

அட்டனிலிருந்து பொகவந்தலாவை செல்லும் பாதையில் அமைந்தது நோர்வூட். அதனைச் சூழ்ந்த தோட்டங்களிற் கொய்யப்படும் கொழுந்து, 'ஸ்டோர்' என வழங்கும் தொழிற்சாலையில் வாட்டப்பட்டுப் பின் அரைக்கப்படுகின்றது. கலங்கள் சிதைவதால், அதுகாறும் பிரிந்திருந்த பொலிபீனோல்களும் அவற்றை ஒட்சியேற்றும் நொதியமும் ஒன்றுசேர, பச்சை நிறம் செம்பு நிறமாகின்றது. இதனை நொதித்தல் எனல் மரபாயினும், உண்மையில் இஃது ஒட்சியேற்றமேயாகும்.

1925 இல் நிறுவப்பெற்ற இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்தது. அந்நிலையத்தைச் சார்ந்த லாம், ஸ்ரீரங்காச்சார் ஆகியோர் இம்மாற்றம் பற்றி 1940 முதல் 1943 வரை ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டனர். தேயிலை நொதியத்தைப் பிரித்தெடுப்போர் எதிர்கொள்ளும் இடர் ஒன்றுண்டு. இலையை நீரில் அரைத்தவுடன் பொலிபீனோல்கள் புரதத்தைப் பற்றிக்கொண்டு கரையாப் பொருளாக்கிவிடும். குளிர்ந்த அசற்றோனில் அரைப்பின், பொலிபீனோல்கள் கரைந்து நீங்கப் புரதம் தூளாக எஞ்சும். மிகுந்தாற் புரதத்தைக் குலைக்கவல்ல சேதனக் கரைப்பான், ஈண்டு நொதியத்துக்குக் காவலாயிற்று.

இவ்விரட்டைத் தன்மை பிற்காலத்தில் மேலும் தெளிவாயிற்று. நீரற்ற சேதனக் கரைப்பானிலும் நொதியம் தொழிற்படக்கூடும் என்பதை 1984 இல் சாக்ஸ், கிளிபனோவ் ஆகியோர் காட்டினர். திணிவு நிறமாலை ஆய்வுக்குப் புரதத்தைத் திரிப்சின் என்னும் நொதியத்தால் சிறு துண்டுகளாக்குவர். நீர்க் கரைசலில் இதற்கு ஓர் இரவு செல்வது வழக்கம். 2001 இல் ரசல் குழுவினர், 80 வீத அசற்றோநைத்திரைல் கலந்த ஊடகத்தில் இதனை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நிகழ்த்தலாம் எனக் காட்டினர். கரைப்பான் புரதத்தின் மடிப்பைத் தளர்த்த, வெட்டுமிடங்கள் வெளிப்படுதலே காரணமாகும்.

எனினும் அளவறிந்து கையாளுதல் வேண்டும். கரைப்பான் மிகின் சில புரதங்கள் வீழ்படிவாகும். எஞ்சிய அசற்றோன் சில துண்டுகளின் திணிவையே மாற்றிவிடும். தேயிலைப் புரதங்களை ஆய்வோர் இன்றும் முதலிற் பொலிபீனோல்களை நீக்கவேண்டியுள்ளமையால், பழைய அசற்றோன் முறை புதுக்கருவிக்கும் வாயிலாக நிற்கின்றது.

ஈண்டு ஒன்று மனங்கொளத்தக்கது. கொழுந்தின் நொதியம் 1943 அளவில் ஆய்வேடுகளில் இடம்பெற்றுவிட்டது. கொழுந்தைக் கொய்தவர்களுட் பெரும்பாலாரோ 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்கு முழுமையான தீர்வு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே கிட்டியது. ஒட்சியேற்றம் முதிர்ந்த பதத்தை மணத்தாலும் நிறத்தாலும் அறிந்த தொழிலாளரின் பட்டறிவும் ஏடுகளில் இடம்பெறவில்லை. ஆதலின், கொழுந்தின் அறிவியலும் கொய்தோர் வரலாறும் மலையகப் பாடசாலைகளில் ஒருங்கே, தமிழிற் கற்பிக்கப்படுதல் இன்றியமையாதது என்பதே எமது துணிபாகும்.