காய்ச்சினாலும் குடிக்க முடியாத தண்ணீர்

2014 ஆகஸ்டில் நானும் மனைவியும் மகள் வீட்டில் இருந்தோம். ஊர் டொலேடோ. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில் உள்ளது. (‘ஈரி ஏரி’ என்று நாலு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்!) 2-ஆம் தேதி சனிக்கிழமை விடிவதற்குள், குழாய்த் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்று அறிவிப்பு வந்துவிட்டது. இதற்கெல்லாம் அசருகிறவளா என் மனைவி? பெரிய பாத்திரத்தில் தண்ணீரைப் பிடித்து அடுப்பில் ஏற்றிவிட்டாள். மகள் ஓடி வந்து அடுப்பை அணைத்தாள்.

“காய்ச்சக் கூடாதும்மா! காய்ச்சினா விஷம் இன்னும் கூடும்.”

அறுபது வருஷமாகக் காய்ச்சிக் குடித்து வளர்ந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! ஏரியில் பூத்த நீலப்பச்சைப் பாசி, மைக்ரோசிஸ்டின் என்ற நச்சைக் கக்கியிருந்தது. கல்லீரலைத் தாக்கும் நச்சு. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், நச்சு அப்படியே தங்கிவிடும். நாலு லட்சம் பேருக்கும் மேல் திங்கட்கிழமை வரை பாட்டில் தண்ணீரைத் தேடி அலைந்தார்கள்.

பள்ளியில் வேதியியல் நடத்தியவன் ஆதலால் விடவில்லை, தேடிப் படித்தேன். வேடிக்கை என்னவென்றால், இந்த ஏரியை ஒருமுறை காப்பாற்றியே விட்டிருந்தார்கள்.

ஈரி ஏரி கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் பொது. 1960-களில் அதை ‘செத்த ஏரி’ என்றே பத்திரிகைகள் எழுதின. உண்மையில் அதில் உயிர் மிகுந்து போனதுதான் சங்கடம். பாசி மண்டி, அழுகி, அடித் தண்ணீரில் ஆக்ஸிஜன் இல்லாமல் போயிற்று. 1909 ஒப்பந்தப்படி அமைந்த இரு நாட்டுக் கூட்டு ஆணையத்திடம் 1964-இல் விசாரணை ஒப்படைக்கப்பட்டது. பாசிக்குத் தீனி பாஸ்பரஸ் என்று விஞ்ஞானிகள் பலர் சொன்னார்கள். ஸ்விட்சர்லாந்துக்காரரான வோலன்வைடர் 1968-இலேயே பல நாட்டு ஏரிகளின் கணக்கைத் தொகுத்து அதை எழுதியிருந்தார். பாஸ்பேட் போட்டுச் சலவைத்தூள் விற்றவர்கள் ஒப்புவார்களா? கார்பன்தான் காரணம் என்று வாதாடினார்கள்.

வாதத்தை ஆய்வகக் குடுவையில் தீர்க்க முடியாது, ஏரியிலேயே பார்த்துவிடுவோம் என்று கனடாக்காரர் வாலன்டைன் முனைந்தார். ஒன்டாரியோவின் காட்டுக்குள் சில சிறு ஏரிகளை ஆய்வுக்கென்றே ஒதுக்கினார்கள். அங்கே தலைமை ஏற்க வந்தவர் டேவிட் ஷிண்ட்லர் என்ற அமெரிக்க இளைஞர். 1969-இல் 227-ஆம் எண் ஏரியில் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மட்டும் இட்டார்கள். கார்பன் இடவே இல்லை. ஆனாலும் ஏரி பச்சையாயிற்று. தனக்கு வேண்டிய கார்பனை அது காற்றிலிருந்தே எடுத்துக்கொண்டது!

இரு நாடுகளும் பாஸ்பரஸைக் குறைப்பதாக 1972 ஏப்ரலில் ஒட்டாவாவில் ஒப்பந்தம் போட்டன. நிக்ஸனும் ட்ரூடோவும் (பிற்காலத்தில் நாம் கேள்விப்பட்ட ட்ரூடோவின் தகப்பனார்) கையெழுத்திட்டார்கள். கனடா அதற்கு முன்பே சலவைத்தூளில் பாஸ்பேட்டுக்கு வரம்பு வைத்துவிட்டது. அமெரிக்காவில் சர்ச்சை ஓயவில்லை.

1973-இல் நடுவே இடுங்கிய 226-ஆம் ஏரியைக் குறுக்கே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். இரு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். சில வாரங்களில் அந்தப் பக்கம் பச்சைக் குழம்பாயிற்று, மறுபக்கம் தெளிவாகவே கிடந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஒரு படம், அத்தனை அறிக்கைகளும் செய்யாததைச் செய்தது. எந்தப் பாமரனுக்கும் புரியும் படம். பிறகு மாநிலம் மாநிலமாகத் தடைகள் வந்தன. கழிவுநீர் நிலையங்களில் பாஸ்பரஸை நீக்கினார்கள். 1980-களில் ஈரி தெளிந்தது.

பிறகு ஏன் 2014? இம்முறை வந்தது சலவைத்தூளிலிருந்து அல்ல. உரமும் கால்நடைச் சாணமும் மழையில் கரைந்து, மாமி ஆற்றின் வழியே ஏரிக்கு வந்தன. ஆலைக் குழாயை அடைக்கலாம், பல ஆயிரம் விவசாயிகளின் வயலை எதைக் கொண்டு அடைப்பது? ஏரிக்கு வரும் பாஸ்பரஸை 40 சதவீதம் குறைப்பதாக 2016-இல் இரு நாடுகளும் மறுபடி இலக்கு வைத்தன.

மகள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். ஜூலை கடைசியானால் கார் ஷெட்டில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கிவிடுவாள். “எத்தனை வாங்கி வெச்சிருக்கே?” என்று இவள் போனில் கேட்காத வருஷம் இல்லை.