சம்பளச் சீட்டில் ஒரு மகமை

முகப்பேரில் குடியிருந்துகொண்டு அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு தலைமுறையாக உண்டு. 1964-இல் பேட்டை தொடங்கியபோது லேத் பட்டறைகள் வந்த இடத்தில் இன்று கண்ணாடிச் சுவர் வைத்த கணினி அலுவலகங்களும் நிற்கின்றன. அப்படியோர் அலுவலகத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து, மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு தொகையைப் பிடித்து ஒரு பள்ளிக்கோ நோயாளிக்கோ கொடுத்தால், அதை அமெரிக்கக் கம்பெனிகளோடு வந்திறங்கிய வழக்கம் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். 'பேரோல் கிவிங்' என்ற பெயர் வேண்டுமானால் வெளியிலிருந்து வந்திருக்கலாம். வழக்கம் நம்முடையது, அதுவும் வணிகப் பேட்டையில் வளர்ந்தது. அதற்குத் தமிழில் மகமை என்று பெயர்.

பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரான்மலைக் கல்வெட்டில், பல ஊர் வணிகக் குழுக்கள் கூடித் தங்கள் சரக்கின் மீது தாங்களே ஒரு தொகை விதித்துக்கொண்டு கோயிலுக்குக் கொடுத்த செய்தி இருக்கிறது. என்னென்ன சரக்கு, எதற்கு எவ்வளவு என்று பட்டியலே போட்டிருக்கிறார்கள். மனம் இரங்கும்போது கொடுப்போம் என்று விட்டுவிடாமல், சரக்கு நகரும்போதே பங்கு விழும்படி செய்தார்கள். பின்னாளில் விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை நாடார் வணிகர்கள் இதே முறையை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று விற்பனையின்போதே மகமை பிடிக்கப்பட்டு, உறவின்முறை என்ற ஊர்ச் சாதிச் சங்கத்தின் பொதுப்பணத்தில் சேர்ந்தது. விருதுநகரில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலை அந்தப் பணத்தில் எழுந்த பள்ளி. வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைக் கலயத்தில் போட்டுவைக்க, அதைத் திரட்டி விற்றும் பள்ளிச் செலவைச் சமாளித்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான். ஒரு பிடி அரிசி குறைந்தால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கப்போவதில்லை. முறையின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது: கொடுப்பவருக்கு உறைக்காத அளவு, கைக்கு வரும்முன்னே ஒதுக்கல், எல்லாரும் பார்க்கக்கூடிய கணக்கு.

மகமை தன் சாதிக்குத் தானே செய்துகொண்டது, அதைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வித்யாசாலையில் பிற சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள் என்றாலும், கோயிலுக்குள் விடப்படாத ஒரு சமூகம் எழுந்து நிற்கத் திரட்டிய பணம் அது. கொடுத்தவர்களும் பெற்றவர்களும் பெரும்பாலும் ஒரே உறவு. அந்த எல்லையைத் தாண்டும் வாய்ப்பு ஆலையில்தான் வந்தது, அங்கே பக்கத்துத் தறிக்காரர் உறவினராக இருக்கவேண்டியதில்லை. பெரம்பூர்ப் பகுதியில் செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திய வெங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபைக்குச் சொற்பொழிவு கேட்க வந்த பின்னி ஆலைத் தொழிலாளர்களிடமிருந்துதான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் அதற்குத் தலைமை தாங்கினார்கள். ஆனால் 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்ப, மற்றவர் வெளியே நிற்க, புளியந்தோப்பு கலவரக்காடானது. ஒரே ஆலையில் சம்பளம் வாங்குவதாலேயே சாதி கரைந்துவிடாது. ஆகவே சக ஊழியர் குழு ஒன்று யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்யும் இடம்தான் அதன் உண்மையான சோதனை. தெரிந்தவர் சொன்ன ஆளுக்கே ஒவ்வொரு முறையும் பணம் போனால், அது சுருங்கிப்போன பழைய உறவின்முறை, அவ்வளவே.

கம்பெனியே செய்யும்போது ஊழியர் எதற்கு என்பது இன்னொரு ஆட்சேபம். அம்பத்தூரில் இதற்குப் பழைய சாட்சி உண்டு: முருகப்பா குழும அறக்கட்டளையின் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டு மருத்துவமனை 1966 முதல் நடக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டமும் பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. நல்லதுதான். ஆனால் அந்தப் பணம் எங்கே போகவேண்டும் என்று தீர்மானிப்பது இயக்குநர் குழு. முகப்பேரிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் ஒரு பள்ளியின் உடைந்த கழிப்பறையைத் தினமும் பார்க்கிறவருக்கு அதில் குரல் கிடையாது.

கட்டாயம் பற்றிய அச்சம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. மகமை கொடுக்காதவரை உறவின்முறை சும்மா விடாது. மேலாளர் முன்னின்று வசூலித்தால் இங்கும் அதே கதைதான். கூலிக்காரருக்கு அந்த வகையில் வணிகரைவிட ஒரு காப்பு அதிகமாக இருந்தது: 1936-ஆம் ஆண்டுச் சம்பளப் பட்டுவாடாச் சட்டம், பிரதமர் நிவாரண நிதிக்குப் பிடிப்பதென்றாலும் ஊழியர் எழுதிக் கொடுத்தாக வேண்டும் என்றது. எந்தக் குழுவுக்கும் அது நல்ல அளவுகோல். நிறுத்திக்கொள்ளும் உரிமையும் அந்தக் காகிதத்திலேயே இருக்கட்டும்.

உங்கள் அலுவலகத்தில் ஒரு குழு தொடங்க நினைத்தால், வங்கிக் கணக்கு திறக்கும்முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: மாதத்தில் எந்தத் தேதியில், யார் வரவு செலவை எல்லார் முன்னாலும் வாசிப்பது?