நூற்றுக்கு நாற்பது நாற்காலி

நார்வே, பனிமலைகளும் மீன்பிடி துறைமுகங்களும் நிறைந்த சிறு நாடு. அங்கே பெண்கள் 1913-ஆம் ஆண்டிலேயே நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றுவிட்டனர். 1981-இல் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் எனும் பெண்மணி, மருத்துவம் பயின்றவர், பிரதமரானார். 1986-இல் அவரே மீண்டும் அமைத்த அமைச்சரவையிலே பதினெண்மர்; அவருள் எண்மர் பெண்கள். அரசு அமைக்கும் குழுக்களில் ஆண், பெண் இருபாலரில் எவரும் நூற்றுக்கு 40-க்குக் குறையலாகாது என்ற விதியும் 1988-இல் வந்தது.

ஆகா, பெண்ணுரிமை பூத்துக் குலுங்கும் பூங்கா என்று பாராட்டத் தோன்றுகிறதல்லவா? பாராட்டலாம். ஆனால் அந்தப் பூங்காவின் ஒரு மூலையிலே முள்வேலி இருந்தது. வேலிக்குப் பின்னே வணிக நிறுவனங்களின் இயக்குநர் அவை! ஆலை எங்கே எழுப்புவது, எவரை மேலாளராக அமர்த்துவது, ஆதாயத்தில் எவ்வளவைப் பங்குதாரருக்குப் பிரித்தளிப்பது, எத்தனை தொழிலாளரை வீட்டுக்கு அனுப்புவது என்பனவற்றை முடிவு செய்யும் மேசை அது. 2002-ஆம் ஆண்டிலே அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தோரில் பெண்கள் நூற்றுக்கு ஆறு பேர் அளவே. நாட்டை ஆளத் தகுதி உண்டாம். கப்பல் கம்பெனியை ஆளத் தகுதி இல்லையாம்! விந்தையான தராசு!

காரணம் எளிது. இயக்குநர் பதவி காலி என்று எவரும் முரசறைவதில்லை. உள்ளே இருப்பவர் தமக்குத் தெரிந்தவரை அழைக்கிறார். தெரிந்தவர் யார்? உடன் படித்தவர், உடன் வேட்டைக்குச் சென்றவர், விருந்திலே பக்கத்தில் அமர்ந்தவர். ஆடவர் ஆடவரை அழைத்தனர். அதற்குத் ‘தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்தல்’ என்று பெயர் சூட்டினர்.

வேலியை வெட்டக் கோடரி எடுத்தவர் யார்? பொதுவுடைமைக் கட்சிக்காரரா? இல்லை. பழமைபேணும் கட்சியைச் சேர்ந்த வணிகத் துறை அமைச்சர், ஆன்ஸ்கார் காப்ரியேல்சென் என்ற ஆடவர்! கருத்து முன்பே பேசப்பட்டதுதான். ஆனால் 2002 பிப்ரவரியில் அவர் நாளிதழ் ஒன்றுக்குப் பேட்டியளித்து, ஆடவர் ஆதிக்கம் சலித்துவிட்டது, சட்டம் கொண்டுவருவோம் என்று அறிவித்தபோதுதான் முதலாளிமார் திடுக்கிட்டனர்.

“தகுதி என்னாவது? திறமை என்னாவது?” என்று கூக்குரல் எழுந்தது. எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதல்லவா தோழர்களே? 1921-இல் நீதிக்கட்சி ஆட்சி வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தபோது சென்னையிலே கேட்ட குரல்தான் அது. மொழிதான் வேறு!

2003-இல் சட்டம் நிறைவேறிற்று. பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்கும் பெரு நிறுவனங்களின் இயக்குநர் அவையில் இருபாலரும் நூற்றுக்கு 40-க்குக் குறையாது இருக்க வேண்டும். ஆணுக்கும் அதே காப்பு என்பதைக் கவனியுங்கள். முதலாளிகளுக்கு ஒரு வாய்ப்பும் தந்தனர்: 2005-ஆம் ஆண்டின் நடுவுக்குள் தாமாகவே அந்த அளவை எட்டினால் சட்டத்தைச் செயற்படுத்த மாட்டோம் என்றனர். எட்டினார்களா? எட்டவில்லை. மனமாற்றம் வரும், காத்திருங்கள் என்று நமக்கும் உபதேசிப்போர் இந்த ஈராண்டுக் கதையைப் படிக்கலாம். 2006 சனவரியில் சட்டம் செயலுக்கு வந்தது. 2008 தொடக்கம் வரை கெடு. தவறினால் தண்டனை? அபராதமன்று, நிறுவனத்தையே கலைத்துவிடுவது! கெடு முடிந்தபோது நாற்பது வந்து சேர்ந்தது. ‘கிடைக்கவே மாட்டார்கள்’ என்ற பெண்கள் கிடைத்துவிட்டனர்.

வந்தவர் எப்படிப்பட்டவர்? பொருளியல் அறிஞர் நால்வர் ஆராய்ந்து 2019-இல் முடிவை வெளியிட்டனர். சட்டத்துக்குப் பின் வந்த பெண்கள், முன்னர் அங்கே அமர்ந்திருந்த பெண்களைவிடத் தகுதி மிக்கவர் என்பது அவர்கள் கண்டது. தகுதி தாழும் என்றார்கள், உயர்ந்தது! ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. மேலே நாற்காலி கிடைத்ததால் கீழே பணிபுரியும் பெண்களுக்குப் பெரும்பயன் விளைந்ததாகச் சான்றில்லை. இதை மறைப்பது பகுத்தறிவாகாது. ஒரு சில பெண்களே பல அவைகளில் இடம்பெற்றதைக் கண்டு, அந்நாட்டார் அவர்களுக்குப் ‘பொற்பாவாடை’ என்று பட்டப்பெயரே வைத்தனர். (பல அவைகளில் அமர்ந்த ஆடவருக்குப் பொற்கால்சட்டை என்று எவரும் பெயர் வைத்ததாகத் தெரியவில்லை!) சட்டத்துக்கு அஞ்சியும் வேறு காரணங்களாலும் பல நிறுவனங்கள் தம் சட்ட வடிவையே மாற்றிக்கொண்டு நழுவின. அந்த ஓட்டையை அடைக்க, பெரிய தனியார் நிறுவனங்களையும் படிப்படியாக உள்ளடக்கும் சட்டத்தை 2023-இல் நிறைவேற்றினர்.

இந்தியாவுக்கு வருவோம். 2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையிலுள்ள ஒவ்வொரு நிறுவனத்திலும் பெண் இயக்குநர் ஒருவராவது வேண்டும் என்றது. நூற்றுக்கு நாற்பதன்று, ஒருவர்! பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2014 அக்டோபர் என்று வைத்த கெடுவை 2015 ஏப்ரலுக்குத் தள்ளிற்று. தவறியவர் முதல் மூன்று திங்களுக்குள் நியமித்துவிட்டால் 50,000 ரூபாய் அபராதம், பின்னர் நாட்கணக்கில் ஏறும் என்று 2015-இல் விதித்தது. கோடிகளில் புரளும் நிறுவனத்துக்கு ஐம்பதாயிரம் எம்மாத்திரம்? ஒரு மாலை விருந்துச் செலவு!

அப்படியும் ‘பெண் கிடைக்கவில்லை’ என்று தேடியலைந்த சீமான்கள் பலர், கடைசியில் தம் வீட்டுக் கூடத்திலேயே கண்டுபிடித்தனர். மனைவி, மகள், தங்கை, மருமகள் என இயக்குநர்கள் முளைத்தனர். மனைவி என்பதால் அறிவற்றவர் என்பதன்று நம் வாதம். 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்துரிமை கேட்டது. 1989-இல் தமிழ்நாடு அரசு மகளுக்குச் சமபங்கு தரும் சட்டம் செய்தது. ஆகவே மகள் தன் பங்கின் உரிமையால் அவையில் வந்து அமர்வதை வரவேற்போம். ஆனால் அப்பா நீட்டிய தாளில் கையொப்பமிட அமர்த்தப்படும் மகளுக்கு அங்கே குரல் ஏது? அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பது அவரா, அவருடைய அப்பாவா?

செபியும் இதைக் கண்டுகொண்டது. குடும்பச் சார்பற்ற தனிப் பெண் இயக்குநர் ஒருவர் வேண்டும் என்ற விதி, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களுக்கு 2019 ஏப்ரலிலும், முதல் ஆயிரத்துக்கு 2020 ஏப்ரலிலும் வந்தது. அந்த ஆயிரத்துக்கு வெளியே நிற்கும் நிறுவனங்களுக்கோ பழைய விதியேதான்: ஒருவர், எவர் வீட்டவராயினும்.